இருபத்தைந்துக்கு ஒன்று

இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல்லாவது பொய்யாக இருந்தால் என் வாயிலிருக்கிற பற்கள் அத்தனையும் இந்த நிமிடமே கொட்டிப் போகட்டும். சத்தியம் என்று வந்துவிட்டால் முறையாகச் செய்ய வேண்டும் என்பதால், கட்டுப்பல்லை முன்கூட்டியே கழற்றித் தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது தம்ளருக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. சிரித்துவிட்டுப் போகட்டும். மரம் அறுக்கிற தொழிலைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

அன்று காலையில் வீட்டுக்குப் பின்னாலிருக்கிற தகரக் கொட்டகைக்குப் போய், மூடியிருந்த சாக்கை விலக்கி, என் சங்கிலி ரம்பத்தை வெளிச்சத்துக்கு எடுத்தேன். பெட்ரோல் கேன் அதன் இடத்தில் இருந்தது. சங்கிலிக்கு விடுகிற கெட்டி எண்ணெய் இருந்தது. பல் தீட்டுகிற அரம் ஆணியில் தொங்கியது. பெட்ரோலில் கலக்கிற டூ-டி ஆயில் டப்பா மட்டும் இல்லை. அது இருந்த பலகையில் வட்டமாக ஒரு கறை, குங்குமம் அழிந்த நெற்றி மாதிரி, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அதனால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்த வகை எஞ்சினில் எண்ணெய்க்கென்று தனியாக ஓர் அறை கிடையாது. குடிக்கிற பெட்ரோலிலேயே கலந்து ஊட்ட வேண்டும். கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றினாலும் ஓடும். கொஞ்ச நேரம் பிரமாதமாகக்கூட ஓடும். அப்புறம் சூட்டில் பிஸ்டன் போய்ச் சிலிண்டரைக் கட்டிக்கொள்ளும். அதன் பிறகு எந்தப் பஞ்சாயத்து வைத்தும் இரண்டையும் பிரிக்க முடியாது. எண்ணெய் கூடினால் புகை, குறைந்தால் சாவு. எங்கள் தொழிலின் வேதம் இந்த ஒரு வரிதான்.

இப்போது வருகிற ரம்பங்களுக்கு ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் போதும். என்னுடையது பழைய வயிறு. அதற்கு இருபத்தைந்துக்கு ஒன்று. என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவன், எல்லா மிஷினுக்கும் ஐம்பதுதான், டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது என்பான். அவன் கல்யாணப் பத்திரிகையில் மணமகன் என்று அவன் பெயரைத்தான் அச்சடித்திருந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் யார் சொன்னபடி நடக்கிறது என்பது ஊருக்கே தெரியும். பெட்ரோலையும் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவன் இல்லை. இப்போது வருவதில் எரிசாராயம் கலந்து வருகிறது. குடிகாரன் மாதிரி அது காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு, நாள்பட்டால் தண்ணீரும் தானுமாகக் கேனின் அடியில் போய்ப் படுத்துவிடும். அதனால் கொஞ்சமாக, புதிதாக வாங்க வேண்டும். ஊற்றுவதற்கு முன் குலுக்க வேண்டும். இவ்வளவும் நான் பேசுவேனே தவிர, கலவை போடுவது என்றைக்கும் என் மனைவிதான். என் கை சிந்தும், அவள் கை சிந்தாது. பிள்ளைக்குச் சங்கில் மருந்து புகட்டின கை அது. ரம்பம் விடுகிற புகையை வாசலில் நின்று முகர்ந்தே அளவு சரியா தவறா என்று சொல்லிவிடுவாள்.

ஆகவே டப்பாவை எடுத்தது யார் என்று துப்புத் துலக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. காரணமும் தெரிந்ததுதான். கொஞ்ச நாளைக்கு முன் ஒரு கிளையை அறுக்கும்போது ரம்பம் துள்ளி வந்து என் தொடையை நலம் விசாரித்தது. நெடுநாள் பழக்கத்தில் கொஞ்சம் ஆழமாகவே விசாரித்துவிட்டது. மருத்துவமனையில் தையல் போட்டு முடிக்கிறவரை என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுகிற பெண்ணுக்குப் பயப்படாதவன்கூடப் பேசாத பெண்ணுக்குப் பயப்பட வேண்டும். அவளுடைய சாமர்த்தியத்தைப் பாருங்கள்: ரம்பத்தை ஒளித்திருந்தால் நான் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்திருப்பேன். அவள் அதன் மேல் கை வைக்கவில்லை. எண்ணெயை மட்டும் எடுத்துவிட்டாள். வெறும் பெட்ரோலில் அதை ஓட்டுகிற பாவத்தை இந்த மனுஷன் செத்தாலும் செய்ய மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். என் கொள்கையையே எடுத்து எனக்குப் பூட்டாகப் போட்டுவிட்டாள்.

"ஆயில் டப்பா எங்க?" என்று கேட்டேன்.

"இருக்கற எடத்துல இருக்கு."

"இருக்கற எடம் எது?"

"நீங்க இல்லாத எடம்."

அவளே கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிபந்தனையையும் சொன்னாள். சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வருகிறார். எங்கள் சந்தில் காற்றில் விழுந்து குறுக்கே கிடக்கிற தூங்குமூஞ்சி மரத்தை அதற்குள் என் ரம்பம் அறுத்துப் போட்டால், அது கொட்டகையில் இருக்கலாம். இல்லாவிட்டால் தராசுக்குப் போகும். நான் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கலாம். அந்த நாற்காலியை மச்சான் ஏற்கனவே வாங்கிக்கொண்டு வந்து போட்டிருந்தான். சாய்ந்தால் அதுவும் சாயும். எழுந்திருக்க நினைத்தால் மட்டும் கூட வராது. வாழ்நாள் முழுக்க மரங்களைப் படுக்க வைத்தவன் நான். என்னை ஒரு நாற்காலி படுக்க வைப்பதா? சரி, பார்த்துவிடலாம் என்று துண்டை உதறித் தோளில் போட்டேன்.

முதலில் மச்சான் கடைக்குப் போனேன். அலமாரியில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக எண்ணெய்ப் புட்டிகள் வரிசையாக நின்றன. அவன் கல்லாவை விட்டு எழுந்து வந்து அவற்றுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றான். "மாமா, டீ வேணும்னா சொல்லுங்க, இப்பவே வரவழைக்கறேன். ஆயில் மட்டும் அக்கா சொன்னாத்தான்" என்றான். மற்றக் கடைக்காரர்களுக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தான். போகிற கடையிலெல்லாம் என்னைக் கண்டதும் டீ வந்தது. வயிறு முட்ட டீயோடு வீடு திரும்பினேன்.

உலகத்தில் எண்ணெய் என்பது மச்சான் கடையில் மட்டுமா இருக்கிறது? மரம் விழுந்து கிடந்தது தையற்காரர் கடை வாசலில். மரத்தைத் தாண்டி வர ஒல்லியானவர்களால் மட்டுமே முடிந்ததால், துணி மிச்சம், கூலி குறைவு என்று அவர் நொந்துபோயிருந்தார். கேட்டதும் தையல் மிஷின் எண்ணெய்ப் புட்டியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். தண்ணீர் மாதிரி தெளிந்த எண்ணெய். இருபத்தைந்துக்கு ஒன்று என்று கணக்காகக் கலந்து, குலுக்கி, ஊற்றி, கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பு. என் ரம்பம் அவ்வளவு நாகரிகமாக ஓடி நான் கேட்டதே இல்லை. விர்ரென்று மெல்லிய சத்தம். மரத்தில் வைத்ததும் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. அடிவரை இறங்கினதும் நிமிர்ந்து பார்க்கிறேன், மரம் முழுசாக இருக்கிறது. ரம்பம் முன்னால் அறுத்துக்கொண்டே போக, பின்னால் தைத்துக்கொண்டே போயிருக்கிறது. தையற்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார். "ஓரம் மடிச்சு அடிச்சிருக்குண்ணே" என்றார். குரலில் கொஞ்சம் பொறாமை தெரிந்தது. வாசலில் நின்றிருந்த என் மனைவி மூக்கை ஒரு முறை உறிஞ்சினாள். "மெல்லிசு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மெல்லிசு என்றால் கெட்டியாகப் போடுவோம். அடுத்த நாள் மருந்துக் கடையில் விளக்கெண்ணெய் வாங்கினேன். சிரிக்க வேண்டாம், ஒரு காலத்தில் பந்தயக் கார்களே விளக்கெண்ணெயில்தான் ஓடின. தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். குளிர்ந்த பெட்ரோலில் அது சுலபத்தில் கரையவில்லை. கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றி ஒரு ஆட்டமே ஆடினேன். கிளப்பினதும் வெள்ளையாகப் புகை எழுந்தது. அது மேலே போகவில்லை. அறிந்தவர் தெரிந்தவர் வீடுகளுக்குப் போவது போலச் சந்தில் ஒவ்வொரு ஜன்னலாக நுழைந்தது. அந்த நேரம் பார்த்து மச்சான் என்னைக் கேலி செய்வதற்கென்றே ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். "என்ன மாமா, இது ரம்பமா, கொசு மருந்து அடிக்கற வண்டியா?" என்று கேட்டு, சிரிப்பதற்காக மூச்சை நன்றாக இழுத்தான். அந்தச் சிரிப்பு வெளியே வரவே இல்லை. முகம் ஒரு மாதிரி யோசனையில் ஆழ்ந்தது. தலைக்கவசத்தைக் கழற்றக்கூட நேரமில்லாமல் எங்கள் வீட்டுக்குள் ஓடினான். சந்து முழுக்கக் கதவுகள் படார் படாரென்று சாத்திக்கொண்டன. சுவர்த் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமலிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் கழிப்பறைக் கதவின் இரண்டு பக்கமும் நின்று, அண்ணே தம்பி என்று கெஞ்சிப் பேசி அன்றைக்குச் சமாதானமானார்கள். மரத்தை அறுக்கத்தான் ஆளில்லை. எனக்கே அவசரமாக வேறு வேலை வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நின்றிருந்தவள் என் மனைவி ஒருத்திதான். நான் அவளைத் தாண்டி ஓடும்போது, "அளவு ஜாஸ்தி" என்றாள்.

மச்சான் வெளியே வர வெகு நேரம் ஆனது. அந்த நேரத்தில் அவன் ஸ்கூட்டர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆயில் கிடைக்குமா என்றுதான். கிடைத்தது, ஆனால் தலைக்குத் தேய்க்கிற ஆயில். மச்சானுக்கு உச்சியில் முடி இல்லை. இருந்த இடம் ஞாபகத்தில் இருக்கட்டும் என்று தினமும் தேய்ப்பான். புட்டியின் மேல் முட்டிவரை கூந்தல் தொங்கும் ஒரு பெண் படம். எண்ணெய் எண்ணெய்தானே என்று வெள்ளிக்கிழமை காலையில் அதைக் கலந்தேன். ரம்பம் சிணுங்கிக்கொண்டு கிளம்பி, மரப்பட்டையில் நாலைந்து கீறல் போட்டுவிட்டு நின்றது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கீறின இடமெல்லாம் பச்சை. நான் பார்க்கப் பார்க்கத் துளிர் இலையாகி, இலை கிளையாகி, மத்தியானத்துக்குள் தையற்காரரின் பெயர்ப் பலகை இலைக்குள் மறைந்துவிட்டது. செத்துக் கிடந்த மரம் படுத்தபடியே பூத்தது. மாலையில், மரம் வெட்ட அனுமதி கொடுக்கிற மர அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மரம் விழுந்த நாளில் வந்து பார்த்துவிட்டு, இது எங்கள் வேலை இல்லை என்று போனவர்கள்தான். இப்போது தலையைச் சொறிந்து, சுற்றி வந்து, ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போனார்கள்: உயிருள்ள மரத்தை வெட்டுவது குற்றம். எண்ணெய் மிச்சமிருந்ததை மச்சானிடமே திருப்பிக் கொடுத்தேன். அவனுக்கு மட்டும் ஏன் அது வேலை செய்யவில்லை என்று கேட்டேன். மரத்துக்கு உள்ளே ஏதாவது இருக்கும் மச்சான், என்று நானே பதிலும் சொன்னேன். அன்றைக்கு என் மனைவி மரத்தருகே வந்து ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இப்படியா ஒரு மிஷின சித்திரவதை பண்ணுவாங்க" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

சனிக்கிழமை வந்தது. இரும்புக்காரரும் வந்தார். மூன்று சக்கர வண்டி, அதன் மேல் தராசு. அந்தத் தராசில் எத்தனையோ பேருடைய மின்விசிறியும் சைக்கிளும் ஏறி இறங்கியிருக்கின்றன. அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, அவசரமில்லை பெரியவரே என்றார். அந்த வார்த்தைதான் என்னை மிகவும் அவசரப்படுத்தியது. சந்திலிருந்த எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். என்னிடம் கேன் நிறையப் புதுப் பெட்ரோல் இருந்தது. அதில் கலக்க எண்ணெய் என்று ஒரு சொட்டு இல்லை. சமையலறையில் இருக்கிறதே என்று தையற்காரர் கிசுகிசுத்தார். அங்கே வாசலை மறித்து யார் நின்றிருந்தார் என்பதை அவர் கவனிக்கவில்லை.

அப்போது மச்சான் பக்கத்தில் வந்தான். இந்த முறை கேலியில்லை. குரலைத் தாழ்த்தித் தோளில் கை வைத்தான். "மாமா, வெறும் பெட்ரோல்லயே ஓட்டிடுங்களேன். ஒரு மரந்தான. அறுத்து முடிக்கறவரைக்கும் தாங்கும். பந்தயத்துல நீங்க ஜெயிச்சமாதிரியும் ஆச்சு."

அவன் சொன்னது உண்மை. தாங்கும். அறுத்து முடித்த பிறகு ஜாம் ஆகி, ஒருபோதும் எழுந்திருக்காது. ஜெயித்த ரம்பம் என்று கொட்டகையில் பிணத்தை வைத்துக்கொண்டிருக்கலாம். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் கேனின் மூடியைத் திறந்தேன், மூடினேன். ரம்பத்தை இரண்டு கையாலும் தூக்கினேன். கனமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கொண்டுபோய் இரும்புக்காரரின் தராசில் நானே வைத்தேன்.

"வெறும் வயித்துல வேலை வாங்கறவன் நான் இல்ல" என்றேன். "எடை போடுங்க. அந்த நாற்காலியையும் தூக்கிட்டுப் போயிடுங்க. நான் நின்னுக்கறேன்."

இரும்புக்காரர் பீடியைக் கீழே போட்டார். எடைக்கல்லை எடுக்கக் குனிந்தார். "கல்லைக் கீழ வைங்க" என்று ஒரு சத்தம் கேட்டது. பார்த்தால் என் மனைவி. ஒரு கையில் டூ-டி டப்பா, இன்னொரு கையில் அவளுடைய பழைய அளவுக் குவளை. டப்பா எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் இல்லாத இடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். நேராக வந்து மர அலுவலகத்தின் பலகையைப் பிடுங்கிக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் குந்தி உட்கார்ந்தாள். குவளையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஊற்றினாள். கேனை இடுப்பில் வைத்து, அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவது போல ஒரு குலுக்கல். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. மச்சான் வாயைத் திறந்தான்.

"அக்கா, அம்பதுக்கு ஒண்ணுன்னா..."

"அம்பதுக்கு ஒண்ணு ஒன் கடையில வித்துக்க. இது என் மிஷின்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கால அகட்டி நில்லுங்க. ரம்பத்து மூக்கு நுனியால அறுக்காதீங்க. துள்ளிச்சுன்னா நான் வந்து பேசிக்கறேன்."

யாரிடம் பேசிக்கொள்வாள் என்று சொல்லவில்லை. ரம்பத்திடம் என்றுதான் நினைக்கிறேன். அதற்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். கயிற்றை முழுக்க இழுப்பதற்குள் பயந்துபோய்க் கிளம்பிவிட்டது. மெல்லிசாக, நீலமாக ஒரு புகை. அப்புறம் அதுவும் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மரத்தின் இலையெல்லாம் தானாக உதிர்ந்து, கிளையெல்லாம் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. நான் அறுக்கவில்லை, வெறுமனே நடந்துபோனேன். எனக்கு முன்னால் மரம் துண்டு துண்டாகப் பிரிந்து விலகியது. ஒரே உயரத்தில், வழவழவென்று, வீட்டுக்கு ஒரு முக்காலி. தையற்காரருக்கு மட்டும் இரண்டு, அவருடைய குண்டான வாடிக்கையாளர்களுக்காக. மர அலுவலகத்துக்காரர்கள் ஓடி வந்து, பலகையைத் தேடி, என் மனைவி அதன் மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இந்தச் சந்தில் மரமே இருந்ததில்லை என்று சொல்லித் திரும்பிப் போனார்கள்.

இரும்புக்காரருக்குத்தான் வெறுங்கையாய்ப் போச்சு. எனக்கே பாவமாக இருந்தது. மச்சானைத் தராசில் ஏற்றிப் பாருங்கள் என்றேன். அவர் மச்சானை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார். "ஓட்டை ஒடைசல்தான் எடுக்கறது பெரியவரே, ஓடாததை எடுக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அதன் பிறகு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. யார் வந்து உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டே பதில் சொல்கிறேன். கொட்டகையில் ரம்பம் சாக்குக்கு அடியில் கலவை நிறைந்த வயிற்றோடு படுத்திருக்கிறது. இந்த ஊரில் இனி எந்த மரம் விழுந்தாலும் எங்கள் இருவரையும் கேட்டுவிட்டுத்தான் விழ வேண்டும்.

அந்த ரம்பத்தின் எஞ்சினுக்குப் பொறி கொடுத்துக் கிளப்புகிற ஸ்பார்க் பிளக், இந்த எண்ணெய்க் கூத்துக்கெல்லாம் முன்னால், என் காலில் தையல் பிரித்த நாளிலிருந்து, என் மனைவி தோடு கழற்றி வைக்கிற சின்ன டப்பாவில், பஞ்சில் சுற்றி இருக்கிறது.